கல்வெட்டும் தீர்மானப் புத்தகமும்

செட்டிநாட்டில் ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அலுவலகத்துக்குள் போக வேண்டியதில்லை. வாசல் சுவரே சொல்லிவிடும். எந்த ஊர், எந்த வீடு, எந்தச் செட்டியார், யாருடைய நினைவாக, எந்த ஆண்டு என்று பளிங்கில் வெட்டிவைத்திருப்பார்கள். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று காரைக்குடியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் பள்ளியோ ஊருணியோ ஆஸ்பத்திரியோ, முதலில் கண்ணில் படுவது இந்தக் கல்தான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போய்த் திரும்பியவர்கள், வரவில் ஒரு பங்கை மகமை என்று தனியே எடுத்துவைத்து ஊருக்குச் செலவிட்ட காலத்தின் கணக்கு அது.

இன்றைக்கு இதே வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நடக்க முடியாத ஒரு சிறுமிக்கு இயன்முறைப் பயிற்சி கிடைக்கிறது, காது கேளாத பையனுக்குக் கருவி கிடைக்கிறது என்றால், அந்தப் பணத்துக்கு எந்தச் சுவரிலும் கல் கிடையாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டுக் கணக்கில், ‘சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே, டெல்லியில் ஒப்புதல் பெற்ற ஒரு வரியாக அது இருக்கிறது. கல்லில் பெயர் எழுதிக் கொடுத்த காலத்திலிருந்து, பெயரே இல்லாமல் சட்டப்படி வரவேண்டிய காலத்துக்கு வந்துவிட்டோம். இது நல்ல மாற்றம். ஆனால் வரவேண்டிய பணம் தானாக வந்துவிடாது. கேட்கிற வாய் வேண்டும். அந்த வாயைச் சட்டம் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறது. அவருக்கே அது இன்னும் சரியாகத் தெரியாது.

வள்ளல்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தூர்க்காரரான ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900இல் பர்மாவில் தொடங்கிய தொழில் இன்று நாடறிந்த முருகப்பா குழுமம். அந்தக் குடும்பத்து அறக்கட்டளையின் மருத்துவமனை பள்ளத்தூரில் இருக்கிறது. பெண்கள் படிக்க சீதாலட்சுமி ஆச்சி பெயரில் கல்லூரியே இந்தச் சிறிய ஊரில் எழுந்தது. தமிழ்நாட்டில் எத்தனை பேரூர்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

இருந்தாலும் அதே பள்ளத்தூரின் இன்னொரு கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடிகை மனோரமா வளர்ந்த ஊர் இது. மன்னார்குடியில் பிறந்து தாயோடு இங்கே வந்து சேர்ந்தவர். வீட்டு வேலை செய்து காப்பாற்றிய தாயின் உடம்பு படுத்துவிட, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தானும் வேலைக்குப் போனார். பின்னால் நாடக மேடையில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயரெடுத்தார். கை, கால், கண், காது, அதற்கு மேல் அபாரமான நினைவாற்றல் எல்லாம் உள்ள ஒரு சிறுமியையே பள்ளியில் பிடித்துவைக்க அன்று யாராலும் முடியவில்லை. கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள், அந்தக் கட்டடத்துக்கு யார் வரவில்லை என்று கணக்கெடுக்கவில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. கொடை என்பது கொடுப்பவர் மனசு. அவருக்கு எது படுகிறதோ அதைச் செய்வார். கழிவறையில் கைப்பிடி பொருத்திக் கொடுத்து அதற்குக் கல்வெட்டு வைத்துக்கொண்ட வள்ளல் எந்த நாட்டிலும் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் பார்வையில்லாத, காது கேளாத, மூளை வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகள் அன்று எங்கே இருந்தார்கள்? வீட்டில் இருந்தார்கள். பெரிய வீடுகளில் முகப்பும் வளவும் தாண்டி இரண்டாங்கட்டில், விருந்தினர் கண்ணில் படாமல். சின்ன வீடுகளில் திண்ணையில், தெருவே பார்க்கும்படி. திண்ணையில் இருந்தவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை, குறையே பெயராகிவிடும். ஊமையன், செவிட்டு ஆறுமுகம், நொண்டிச் சின்னையா என்று ஊரே கூப்பிட்டது, அதில் கொடுமை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. கோவில் பூசைக்கும் கல்யாணச் சாப்பாட்டுக்கும் அவர்களுக்கு இடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை.

பள்ளி இல்லாமலா போயிற்று? இருந்தது, வெகு தூரத்தில். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே ஊரில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோருக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிவிட்டார். 1931இல் பூந்தமல்லியில் அரசின் பார்வையற்றோர் பள்ளி வந்தது. பள்ளத்தூரிலிருந்து பார்த்தால் ஒன்று தெற்கே ஒரு பகல் பயணம், மற்றொன்று வடக்கே ஓர் இரவுப் பயணம். குழந்தையைக் கொண்டுபோய் விடுதியில் விட்டால் ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும். எத்தனை தாய்மார் சம்மதித்திருப்பார்கள்?

இன்னொரு விஷயம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: ‘போர்டு ஸ்கூல்’. செட்டிநாடு அப்போது ராமநாதபுரம் ஜில்லாவுக்குள் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் உட்கார்ந்த அவைகள் சாலையும் போட்டன, பள்ளியும் நடத்தின. தாலுகா போர்டுகள் 1930களிலேயே போய்விட்டன. ஜில்லா போர்டுகள் 1950களின் கடைசியில் முடிவுக்கு வந்து, தொடக்கப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் கைக்குப் போயின. பள்ளிக்கூடத்தைப் பற்றி உள்ளூரில் கூடிப் பேசி, பதிவேட்டில் எழுதி, மேலிடத்தில் பணம் கேட்கும் பழக்கம் நமக்கு ஏதோ புதிதாக வந்தது போலப் பேசுகிறார்கள். அப்படியல்ல. போர்டு மெம்பர்கள் வாத்தியார் சம்பளத்துக்கும் கூரைக்கும் கேட்டார்கள். ஊனமுற்ற குழந்தைக்குக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

காமராசர் காலத்தில் அந்தப் பழக்கம் ஊர்த் திருவிழாவாகவே மாறியது. 1958 தொடங்கி கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். பிறகு ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்வார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சுற்றுச்சுவர், கூடுதல் அறை. அதன் எச்சத்தை இன்றும் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பார்க்கலாம்: மேளதாளத்தோடு தாம்பாளம் ஏந்தி, பீரோவும் மின்விசிறியும் நாற்காலியும் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் ‘கல்விச் சீர்’ கொண்டுபோவார்கள். பார்க்கவே நிறைவாக இருக்கும். நான் கவனித்த சீர்களில் சக்கர நாற்காலி இருந்ததில்லை.

அரசே எவ்வளவு சின்னதாக ஆசைப்பட்டது என்பதற்கு ஓர் ஆதாரம் போதும். 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்வியைப் பொதுக் கல்வியிலிருந்து பிரிக்கக் கூடாது என்று சொன்ன முற்போக்கான குழு. அதுவே வைத்த இலக்கு என்ன தெரியுமா? 20 ஆண்டு கழித்து 1986இல் பார்வையற்ற, காது கேளாத, கைகால் பாதித்த குழந்தைகளில் 100க்கு 15 பேரும், மனவளர்ச்சி குன்றியவர்களில் 100க்கு 5 பேரும் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது. மிச்சம் 85 பேரையும் 95 பேரையும் பற்றி நாட்டின் மிகப் பெரிய கல்வித் திட்டமே கனவு காணவில்லை.

நடுவில் வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1974இல் ஒருங்கிணைந்த கல்விக்கு மத்திய அரசின் முதல் திட்டம். 1981இல், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில், கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1985இல் சென்னையில் பின்னாளில் வித்யாசாகர் என்று பெயர் மாறிய அமைப்பு வந்தது. 1995இல் ஊனமுற்றோர் சட்டம் வந்து, 18 வயதுவரை இலவசக் கல்வி தருவது அரசின் கடமை என்றது. சட்டம் வந்ததும் பணம் வந்ததா என்றால், வரவில்லை.

பணம் முதன்முதலில் ஒரு தலைக்கு இவ்வளவு என்று எண்ணாக வந்தது சர்வ சிக்ஷா அபியானில். 2001ஐ ஒட்டி, ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை. கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு 3,000. 2018இல் எல்லாத் திட்டங்களையும் ஒன்றாக்கி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபோது 3,500. பெண் குழந்தைகளுக்குக் கூடுதலாக மாதம் 200 ரூபாய், பத்து மாதங்களுக்கு. இந்த 3,500ஐ 365ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட வராது. மதிப்பீட்டு முகாம், உபகரணம், பாடப்பொருள், போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சிறப்பாசிரியர் சம்பளம் தனிக் கணக்கு.

ஆனாலும் அந்தச் சின்னத் தொகை செய்த வேலையைச் சின்னது என்று சொல்ல மாட்டேன். பள்ளத்தூர் சாக்கோட்டை ஒன்றியத்தில் இருக்கிறது. இன்று இங்கே ஒரு குழந்தைக்குக் குறை இருப்பது தெரிந்தால் தாய்க்குப் போக ஓர் இடம் இருக்கிறது: வட்டார வள மையம். ஊர் வழக்கில் பி.ஆர்.சி. அங்கே மருத்துவ முகாம் போடுவார்கள், அடையாள அட்டைக்கு வழி சொல்வார்கள், பிசியோ டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வருவார். ஐ.இ. டீச்சர் என்றும் ஸ்பெஷல் டீச்சர் என்றும் அழைக்கப்படும் சிறப்புப் பயிற்றுநர் பள்ளி பள்ளியாகச் சுற்றி வருவார். படுக்கையிலிருந்து எழ முடியாத குழந்தை என்றால் வீட்டுக்கே வருவார். 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், கடுமையான பாதிப்புள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. இரண்டாங்கட்டில் ஒளித்துவைத்த குழந்தையைத் தேடி, அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் நோட்டும் பொம்மையும் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வருவதை அந்தக் காலத்து ஆச்சிகள் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 7இலிருந்து 21ஆக விரித்தது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தாலசீமியா எல்லாம் உள்ளே வந்தன. 2022இல் ‘நலம் நாடி’ என்ற செயலியைக் கொடுத்து, வகுப்பாசிரியரே ஐயத்துக்குரிய குழந்தையைக் குறித்துவைக்கும்படி செய்தார்கள். ‘மண்டையில ஒண்ணுமே ஏறாது’ என்று பெஞ்சு மேல் நிற்கவைத்த பையனுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன என்று இன்று ஓர் ஆசிரியரால் சந்தேகப்பட முடிகிறது. தலைமுறை தலைமுறையாக அடி வாங்கியவர்களை நினைத்தால் இது ஒன்றுக்கே அந்தப் பணம் தகும்.

இப்போது கேட்கிற வாய்க்கு வருவோம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். பல ஆண்டுகள் இது காகிதக் குழுவாகவே இருந்தது. எச்.எம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். 2022 மார்ச் 20ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று பேசி, அதன்பின் 20 பேர் கொண்ட புதிய குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். தலைவர், அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தையின் தாய். துணைத் தலைவர் பொறுப்புக்கு மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை.

இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். நூறு ஆண்டுக்கு முன் தன் குழந்தையைத் திண்ணையில் உட்காரவைத்திருந்த தாயின் பேத்தியை, பள்ளியின் நிர்வாக நாற்காலியில் உட்கார வைக்கிறது அரசு. உலகத்தில் எத்தனை இடங்களில் இப்படி ஒரு விதி இருக்கும்? எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

நாற்காலி கிடைத்துவிட்டது. பேச்சு கிடைத்ததா? இந்த வட்டாரத்தில் அந்த நாற்காலியில் இருக்கும் தாய்மார்களோடு பேசினால் ஒரே மாதிரியான பதிலைக் கேட்கலாம். “எல்லாப் புள்ளைகளுக்குமே பாத்ரூம் சரியா இல்ல. இதுல எம்புள்ளைக்கு மட்டும் தனியா வேணும்னு எப்படிங்க டீச்சர்கிட்ட கேக்குறது?” இந்தக் கூச்சம் எளிதில் போகாது. பெரிய வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. சாவி காவல்காரரிடம், உடையவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கொஞ்சம் வசதியுள்ளவர் பிள்ளைகளைக் காலையில் மஞ்சள் வேன் வந்து காரைக்குடிக்கு அள்ளிக்கொண்டு போகிறது. அரசுப் பள்ளிக் குழுவில் மிஞ்சுவது நூறு நாள் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள். முன்பு பள்ளிக்காக மேலிடத்தில் பேசியவருக்குக் கையில் செல்வமும் வாசலில் காரும் இருந்தன. இன்று பேச வேண்டியவருக்கு அன்றைய கூலி போகிறது.

ஆனால் செட்டியாருக்கு இல்லாத ஒன்று இவரிடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 22. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசு தரும் மானியத்துக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது அது. வள்ளல் கேட்டால் அது சிபாரிசு. இந்தத் தாய் தீர்மானமாக எழுதினால் அது சட்டப்படியான கோரிக்கை. குழுவுக்கென உள்ள செயலியில் அதை ஏற்றுகிறார்கள், வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று தொகுக்கப்பட்டு, மாநிலத்தின் ஆண்டுத் திட்டமாகி, டெல்லியில் திட்ட ஒப்புதல் வாரியத்தின் முன் போகிறது. அங்கே ஒப்புதலானால் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு.

வழியில் எங்கே சிக்குகிறது என்பதற்கும் உதாரணம் கண் முன்னாலேயே இருக்கிறது. 2024-25க்குத் தமிழகத்துக்கு ஒப்புக்கொண்ட மத்திய பங்கு சுமார் 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று அது நிறுத்தப்பட்டது. அந்தத் திட்டத்தோடு பிணைந்த புதிய கல்விக் கொள்கை வேண்டுமா, மும்மொழி வேண்டுமா என்பது பெரிய விவாதம். அதில் எனக்கும் கருத்து உண்டு, அதை வேறொரு நாள் பேசலாம். இங்கே கேட்பது ஒன்றுதான்: சாக்கோட்டை ஒன்றியத்தில் வீல்சேருக்குக் காத்திருக்கும் குழந்தைக்கும் அந்தக் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறுத்தப்பட்ட தொகைக்குள் ஆசிரியர் சம்பளம் இருந்தது, சிறப்புப் பயிற்றுநர் சம்பளம் இருந்தது, அந்தப் பத்து ரூபாயும் இருந்தது. சம்பளம் தாமதமானபோது முதலில் அடிபட்டவர்கள் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டது. அரசுகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஆனால் நிறுத்தும்போது எந்தத் தலைப்பை நிறுத்தக் கூடாது என்று ஒரு கோடு வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பணத்தைப் பேரம் பேசும் பொருளாக்குவது அறமல்ல. அதைச் செய்தவர் யாராக இருந்தாலும் சரி.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. அமெரிக்காவில் உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்கள் பள்ளிகளை நடத்துகின்றன, நம் பழைய போர்டு போலவே. 1975இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சிறப்புக் கல்விச் சட்டம் இயற்றியபோது கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்றது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்த 40ஐ ஒருமுறைகூட எட்டவில்லை. அண்மை ஆண்டுகளில் 15க்கும் கீழேதான். மிச்சத்தை உள்ளூர் வரியிலிருந்து எடுத்துச் செலவிட வேண்டிய வாரியங்கள் ஆண்டுதோறும் தீர்மானம் போட்டு, தங்கள் உறுப்பினர்களைத் தலைநகருக்கு அனுப்பி, சட்டத்தில் எழுதியதைக் கொடுங்கள் என்று கேட்கின்றன. பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தோல்வியை அல்ல, அந்தப் பிடிவாதத்தை. ஒரு வாரியத்தின் குரல் யாருக்கும் கேட்காது. ஆயிரக்கணக்கான வாரியங்கள் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தால் கேட்காதது போல நடிக்க முடியாது. தமிழ்நாட்டில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் குழுக்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே மாதத்தில் ஒரே கோரிக்கையை எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்கவேண்டியதற்கு ஆதாரமும் வலுவாகவே இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரஜ்னீஷ் குமார் பாண்டே என்ற அந்த வழக்கிலேயே 2025 மார்ச்சில் மறுபடியும், எத்தனை பணியிடம் என்று மாநிலங்கள் அறிவித்து நிரந்தரமாக நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இங்கே இன்னும் ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு அலைகிறார். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே துறை இருக்கிறது; பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணி நேரம். படித்து முடித்து வெளியே வருகிறவர்களுக்குக் காத்திருப்பது ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. பக்கத்து ஊரில் ஆசிரியரை உருவாக்கிவிட்டு, இந்த ஊர்ப் பிள்ளைக்கு ஆசிரியர் இல்லை என்பது நிர்வாகத்தின் குறை, பணத்தின் குறை மட்டுமல்ல.

பணம் வந்தும் வீணாவதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. சாய்தளம் பல பள்ளிகளில் கட்டியாயிற்று. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. இடம் இல்லை, சிமென்ட் இல்லை என்று நான்கைந்து அடியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சரிவில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், இறக்க மூன்று ஆள் வேண்டும். பக்கத்திலேயே மாற்றுத்திறனாளி கழிவறை என்று எழுதிய அறை. பூட்டியிருக்கும், உள்ளே உடைந்த பெஞ்சு. கணக்கில் இரண்டும் ‘பணி முடிந்தது’. காதுக் கருவி கொடுக்கிறார்கள், பாட்டரி தீர்ந்தால் யார் தருவது என்று கேட்பாரில்லை. முகாமில் அளவெடுத்த காலிப்பர் வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். இதையெல்லாம் டெல்லியிலோ சென்னையிலோ இருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. தினமும் அந்தச் சரிவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும் தாய்க்குத்தான் தெரியும். குழுவில் அவர் வேண்டும் என்று சட்டம் சொல்வதற்குக் காரணமே இதுதான்.

வள்ளல் மறுபடியும் வந்துவிட்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ அமைப்பைத் தொடங்கி, நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் அரசுப் பள்ளிக்குப் பணம் தர வழி செய்திருக்கிறார்கள். உலக வங்கிக் கடனில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டமும் அதன் ‘விழுதுகள்’ மையங்களும் வருகின்றன. வரட்டும், எல்லாம் நல்லதே. வெளிநாட்டில் இருக்கும் பள்ளத்தூர்க்காரர் தன் பழைய பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர நினைத்தால், அதற்கு முன் அந்தப் பள்ளியின் துணைத் தலைவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். ஆனால் நன்கொடை உரிமைக்கு மேல் சேர்வதாக இருக்க வேண்டும். உரிமைக்குப் பதிலாக வரக் கூடாது. நன்கொடை வந்துவிட்டதே என்று அரசு தன் வரியைக் குறைத்துக்கொண்டால் பழைய இடத்துக்கே போய்ச் சேருவோம்.

மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகையாக, கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு 2,000 ரூபாயை மாநில அரசு தருகிறது. 2023 ஜனவரிக்கு முன் அது 1,500. கேட்டுக் கேட்டு, போராடிப் போராடி ஏறிய தொகை அது. சங்கங்கள் கோட்டைக்கு முன் உட்கார்ந்ததால் ஏறியது. கல்விக்கான அந்த 3,500க்கு அப்படி யாரும் உட்காரவில்லை. 2018இலிருந்து அரிசி விலை ஏறியிருக்கிறது, ஆட்டோ கட்டணம் ஏறியிருக்கிறது, அந்த எண் அசையவில்லை. சாலையில் உட்காரச் சொல்லவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து எழுதினாலே முதல் படி முடிந்துவிடும்.

ஆகவே, இந்த வட்டாரத்தில் அரசுப் பள்ளிக் குழுவில் இருக்கும் தாய்மாருக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரும் பேரூராட்சி உறுப்பினருக்கும், முன்னாள் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது நான்கு விவரங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்: உங்கள் பள்ளியில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்பாசிரியர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார், சாய்தளத்தின் நீளம் என்ன, கழிவறைச் சாவி யாரிடம். ‘ஆவன செய்ய வேண்டும்’ என்று பொதுவாக எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். எண்ணைப் போட்டு, தேதியைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதிய தீர்மானத்தை உங்கள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக, போன மாதத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கேட்பதற்குச் சட்டம் உங்களுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறது.